மரங்கள் காட்டும் கணக்கு

உத்திரமேரூருக்கு அடுத்துள்ள திருப்புலிவனத்தில் எழுந்தருளியிருக்கும் சிவபெருமானுக்கு வியாக்ரபுரீசுவரர் என்பது திருநாமம். புலிக்கால் முனிவர் என்று நம் முன்னோர் போற்றிய வியாக்ரபாதர் அத்தலத்தில் வழிபட்டார் என்பது ஐதிகம். அம்முனிவர் கேட்டுப் பெற்ற வரம் விசித்திரமானது. வண்டு தீண்டுவதற்கு முன் மலர் பறிக்க வேண்டும். அதற்காக வைகறை இருளிலே, பனியில் நனைந்த மரங்களில் வழுக்காமல் ஏற வேண்டும். ஆகையால் புலியின் கால்களும் கண்களும் தமக்கு வேண்டும் என்றார். ராஜ்யமும் செல்வமும் கேளாமல், மரத்தின் உச்சியை எட்டவும் அங்கே இருப்பதைத் தெளிவாகக் காணவும் வரம் கேட்டவரின் நினைவைத் தாங்கி நிற்கிறது அவ்வூர்.

மரத்தின் உச்சியைக் கூர்ந்து நோக்கும் அக்காரியத்தை இந்த யுகத்தில் விஞ்ஞானிகள் மேற்கொண்டிருக்கின்றனர். அவர்கள் தேடுவது மலரை அன்று, குருத்தை. அணுசக்தி நிலையத்திலிருந்து கதிரியக்கப் பொருள்கள் பெருமளவில் வெளியேறி ஒரு பிரதேசத்தில் படியுமானால், அதன் கொடுமையை எல்லா மரங்களுக்கும் முன்னதாகத் தம் உடம்பில் காட்டுபவை பைன், பெர், தேவதாரு முதலிய ஊசியிலை மரங்களே. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோ மீட்டர் தூரத்தில் இருப்பது திருப்புலிவனம். பைன் மரமே இல்லாத அந்த ஊரில் வாழ்பவனுக்கு இந்தச் சாஸ்திரத்தால் ஆவதென்ன என்று கேட்கலாம். ஆவது மிகவும் உண்டு என்பதே நமது அபிப்பிராயம். அதைக் கூறுமுன், உலகத்தின் காடுகளில் நடந்தது என்ன என்பதைப் பார்ப்போம்.

செர்னோபிலின் செங்காடு

1986ம் வருஷம் ஏப்ரல் 26ந் தேதி அதிகாலையில், அன்றைய ஸோவியத் யூனியனைச் சேர்ந்ததும் இப்பொழுது உக்ரேனில் உள்ளதுமான செர்னோபில் நிலையத்தின் நான்காவது உலை வெடித்தது. உலைக்கு மேற்கே சிறிது தூரத்தில் பைன் காடு ஒன்று இருந்தது. வெடிப்பில் எழுந்த முதல் மேகம் அதன் மேல் சென்றது. சில வாரங்களுக்குள் பசுமையான ஊசியிலைகள் துருப்பிடித்த இரும்பைப் போலச் சிவந்து காய்ந்தன. அன்று முதல் அக்காட்டுக்குச் செங்காடு என்றே பெயர் வழங்கலாயிற்று. தீப்பிடிக்காமலும் கோடரி படாமலும் ஒரு காடு நின்ற நிலையிலேயே மாண்டது.

அங்கே ஆராய்ந்தவர்கள் பாதிப்பை நான்கு வட்டாரங்களாகப் பிரித்தார்கள். கதிர்கள் ஒரு பொருளில் இறக்கும் சக்தியை அளக்கும் படிக்குக் கிரே என்று பெயர். 80 முதல் 100 கிரேக்கு மேல் பெற்ற ஏறக்குறைய 4.4 சதுர கிலோ மீட்டரில் பைன் மரங்கள் அடியோடு மடிந்தன. 10 முதல் 20 கிரே பெற்ற இடங்களில் வளர்முனைகளில் பெரும்பாலானவை கருகின. மரங்களிலும் ஒரு பகுதி செத்தது. 4 அல்லது 5 கிரே பெற்ற இடங்களில் மரம் பிழைத்தது. ஆனால் விதை பிடிக்கும் சக்தி குன்றி, இலைகள் உலர்ந்து, வடிவம் கெட்டது. 0.5 முதல் 1.2 கிரே வரை பெற்ற கடைசி வட்டாரத்திலுங்கூட வளர்ச்சியிலும் உருவத்திலும் கோளாறுகள் காணப்பட்டன. மனிதர் நிலை என்ன? 4 அல்லது 5 கிரே ஒரேயடியாக உடல் முழுவதும் பட்டு, சிகிச்சையும் இல்லையானால், மனிதரில் பாதிப்பேர் பிழையார். ஆகாயத்தை அளாவி நிற்கும் பைன், கதிரியக்கத்தின் முன்னே ஏறக்குறைய மனிதனைப் போலவே மெலிந்த ஜீவன் என்பதை இக்கணக்கு உணர்த்துகிறது.

இன்னுமோர் அதிசயத்தையும் கவனிக்க வேண்டும். பைன்களோடு கலந்து வளர்ந்திருந்த பிர்ச் மரங்கள், அதே மேகத்தின் கீழ், அதே மண்ணில் நின்றும் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. ஒரே வீட்டில் ஒருவன் மாள, மற்றொருவன் எழுந்து நடமாடினான் என்பது போன்றது இது. செத்த பைன்களை வெட்டி வீழ்த்திப் பள்ளங்களில் புதைத்தார்கள். சாகாத பைன்களின் தண்டைத் துளைத்து வருஷ வளையங்களை எண்ணிப் பார்த்தபோது, 1986க்குப் பிந்திய சில வளையங்கள் நெருங்கிச் சுருங்கியிருந்தன. அந்தத் துயரத்தின் தேதி மரத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

ஊசியிலைக்கு மட்டும் ஏன் இந்த விதி?

இக்கேள்விக்குரிய விடை செர்னோபிலுக்கு முன்பே ஓரளவு தெரிந்திருந்தது. அமெரிக்காவில் நியூயார்க்குக்கு அருகே புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், 1961ம் வருஷத்தில் ஜார்ஜ் உட்வெல் என்ற விஞ்ஞானி ஓக்கும் பைனும் கலந்த காட்டின் நடுவே ஒரு கம்பத்தில் கதிர்வீசும் சீஸியத்தை ஏற்றிவைத்து, மாதக் கணக்கில் காட்டைக் கவனித்தார். முதலில் வீழ்ந்தவை பைன்கள். அவற்றின் பின் ஓக், ஓக்கின் பின் குறுஞ்செடிகள் என்று வரிசையாகச் சென்றன. கம்பத்துக்கு மிக அருகில் கடைசிவரை நின்றது கோரை இனத்தைச் சேர்ந்த ஒரு புல். உயர்ந்தது முதலில் விழ, தாழ்ந்தது தாங்கி நின்றது.

அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆர்னால்டு ஸ்பாரோ, இதன் காரணத்தை உயிரணுவுக்குள்ளே தேடினார். உட்கருவும் அதனுள் இருக்கும் குரோமோசோம்களும் பருத்திருக்கும் தாவரங்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் இரையாகின்றன என்று அவர் கண்டார். பெரிய இலக்கில் அம்பு தைப்பது எளிதல்லவா? ஊசியிலை மரங்களின் குரோமோசோம்கள் அத்தகைய பெரிய இலக்குகள். கதிர் பட்டு அவை முறிந்தால், பிளந்து பெருக வேண்டிய உயிரணு பிளக்க முடியாமல் சாகிறது. பிளந்து பெருகும் உயிரணுக்கள் குவிந்துள்ள இடம் குருத்து; ஆகையால் முதல் அடி குருத்துக்கே விழுகிறது.

மற்றொரு காரணம் இலையின் தன்மையிலே உள்ளது. பிர்ச் மரம் வருஷந்தோறும் இலையை உதிர்த்துவிடும். அதன் மேல் படிந்த நஞ்சும் உதிர்ந்து போகும். பைனோ ஒரே இலையை இரண்டு மூன்று வருஷங்கள் தாங்கி நிற்பது. அடர்ந்த ஊசிகள் காற்றில் வரும் தூசியைச் சல்லடை போலப் பிடித்துக் குருத்தின் பக்கத்திலேயே வைத்துக்கொள்கின்றன. வேம்பையோ புளியையோ வெட்டினால் அடியிலிருந்து தழைக்கிறது. பைன் இனத்தில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. நுனி போனால் அதற்குப் போனதுதான்.

ரகசியத்தை உடைத்த காடு

இத்தனையும் விஞ்ஞானம். இனிச் சொல்லப்போவது அரசியல்.

1957ம் வருஷம் செப்டம்பர் 29ந் தேதி, யூரல் மலைக்கு அருகே மாயக் என்ற புளூட்டோனியத் தொழிற்சாலையில் கழிவுத் தொட்டி ஒன்று வெடித்தது. ஸ்டிரான்ஷியம் முதலிய கதிரியக்கப் பொருள்கள் நெடுந்தூரம் பரவின. கிராமங்கள் காலி செய்யப்பட்டன. அடுத்த இரண்டொரு வருஷங்களில் அங்கும் பைன் மரங்கள் காய்ந்து மடிந்தன. பிர்ச் மரங்கள் அங்கும் தாக்குப்பிடித்தன. ஸோவியத் சர்க்கார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அமெரிக்க உளவு ஸ்தாபனமும் விஷயத்தை அறிந்திருந்து மௌனம் சாதித்தது என்பது பின்னால் வெளியான தஸ்தாவேஜுகளால் தெரிந்தது. பகைவர் இருவரும் பொதுஜனங்களிடமிருந்து மறைப்பதில் மட்டும் நண்பராயிருந்தனர்!

1976ல், நாட்டை விட்டு வெளியேறி இங்கிலாந்தில் வாழ்ந்த ஜோரெஸ் மெத்வதேவ் என்னும் ஸோவியத் விஞ்ஞானி, இவ்விபத்தைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். பிரிட்டிஷ் அணுசக்தி ஸ்தாபனத்தின் தலைவரே அது வெறும் குப்பை என்று ஒதுக்கினார். மெத்வதேவ் சளைக்கவில்லை. ஸோவியத் விஞ்ஞானப் பத்திரிகைகளில் வெளியாகியிருந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டார். ஏரிகள், மீன்கள், மிருகங்கள், மரங்கள் ஆகியவை கதிரியக்கத்தால் என்ன ஆயின என்று அக்கட்டுரைகள் விவரித்தன. எந்த இடத்தில், எதனால் என்று மட்டும் சொல்லவில்லை. எந்தப் பிராணி எந்தப் பிரதேசத்தில் வாழ்வது, எந்த வருஷத்தில் ஆராய்ச்சி தொடங்கியது என்று ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்து, விபத்து நடந்த இடத்தையும் காலத்தையும் நிறுவி, 1979ல் புத்தகமாகவே வெளியிட்டார். ஸோவியத் சர்க்கார் அதை ஒப்புக்கொண்டது 1989ல். மனிதர் 32 வருஷங்கள் மறைத்ததை மரமும் மீனும் மறைக்கவில்லை.

ஜப்பானில் தலை இழந்த மரங்கள்

2011ம் வருஷம் மார்ச்சு 11ந் தேதி பூகம்பமும் ஆழிப்பேரலையும் தாக்கியதன் பின் புகுஷிமா அணு உலைகள் உருகின. அங்கே படிந்த கதிரியக்கம், செங்காட்டில் படிந்ததைப் போல மரங்களைக் கொல்லும் அளவினதன்று. ஆயினும் ஆராய்ச்சியாளர் அந்நாட்டு மோமி என்ற பெர் மரங்களை நுணுகிப் பார்த்தனர். இவ்வினத்தில் வருஷத்துக்கு ஒருமுறை தலைமைக் குருத்து மேலே எழும். அதைச் சுற்றிக் கிளைகள் ஓர் அடுக்காக விரியும். அடுக்குகளை எண்ணினால் மரத்தின் வயது தெரியும். எந்த அடுக்கில் குருத்து இல்லையோ, அந்த வருஷத்தில் அதற்குத் தீங்கு நேர்ந்தது என்பதும் தெரியும்.

2015ல் வெளியான அவர்களுடைய முடிவின்படி, கதிரியக்கம் மிக அதிகமாயிருந்த இடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட இளமரங்களில் அடுக்குக் கோளாறு காணப்பட்டது. தொலைவில் ஒப்புநோக்கிய இடத்தில் அது நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. தலைமைக் குருத்து இல்லாமல், பக்கக் கிளைகள் இரண்டு கவைபோல் எழும்பியிருந்தன. ஜப்பானியச் செம்பைன்களிலும், செங்காட்டில் பிற்பாடு நட்ட இளம் பைன்களிலும் இதே போன்ற கோளாறுகளைக் கண்டனர். தலைவன் வீழ்ந்த குடும்பத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுப்பது போல, நேரே ஓங்க வேண்டிய விருட்சம் புதராய்ப் பரந்துவிட்டது.

இதைக் கொண்டு, நுனி முறிந்த மரத்தையெல்லாம் கதிரியக்கத்தின் பலி என்று கூவுவது பேதைமை. பனி, பூச்சி, மான், இடி, வறட்சி யாவும் குருத்தை அழிக்கக்கூடும். ஜப்பானிய ஆராய்ச்சியாளரும் தங்கள் முடிவை அடக்கத்தோடுதான் கூறினார்கள். பல மரங்களை, பல இடங்களில், விபத்துக்கு முந்திய நிலையோடும் பிந்திய நிலையோடும் ஒப்பிட்டால்தான் உண்மை துலங்கும். முந்திய நிலையை எழுதிவைக்காதவனுக்கு, பிந்திய நிலையைக் கண்டு அலறுவதற்கு மட்டுமே உரிமை உண்டு. நிரூபிப்பதற்குச் சக்தி கிடையாது. இதுவே நமது வாசகர்கள் மனத்தில் பதிக்க வேண்டிய முக்கிய விஷயம்.

நமது நிலைமை

கல்பாக்கம் நிலையம் தேசத்துக்குப் பெருமை தருவது என்பதை நாம் மறுக்கவில்லை. அந்நியர் கையை எதிர்பாராமல் நம் பொறியியல் வல்லுநர்களே கட்டிய அணுமின் நிலையம் அது. அதன் முதல் உலை 1984ல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. இரண்டாவது உலை 1986 மார்ச்சில். அதற்கு அடுத்த மாதம் செர்னோபில் வெடித்தது. 2004ம் வருஷம் டிசம்பர் 26ந் தேதி ஆழிப்பேரலை கல்பாக்கத்தைத் தாக்கியபோது, இயங்கிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. செங்காட்டைப் போன்ற விபரீதம் ஒன்றும் அங்கே நேரவில்லை.

ஒழுங்காக இயங்கும் நிலையத்தால் நம் மரங்களின் குருத்துக் கருகுமென்றும் யாரும் அஞ்ச வேண்டுவதில்லை. அதனால் பொதுஜனங்களில் ஒருவர் பெறத்தக்கதென்று விதிக்கப்பட்டுள்ள உச்ச அளவு வருஷத்துக்கு 1 மில்லி சீவர்ட். காமாக் கதிர்களைப் பொறுத்தவரை 1 கிரேயை 1,000 மில்லி சீவர்ட் என்று கொள்ளலாம். ஆகவே பைனின் உருவத்தை லேசாகக் கெடுக்கும் அளவுகூட, அந்த வரம்பைப்போல் ஏறக்குறைய 500 மடங்கு. சிறு கசிவை மரம் சொல்லாது, கருவிதான் சொல்லும். பெரிய கசிவை மறைக்க நினைப்பவரால் கருவியை மூடிவைக்க முடியும். மரத்தை மூடிவைக்க முடியாது. இரண்டும் வேண்டும்.

ஆனால் மறைக்கும் பழக்கம் ஸோவியத் நாட்டுக்கே உரியதென்று எண்ணிவிட வேண்டாம். 1965ல் சீனாவின் அணு சோதனைகளை வேவு பார்ப்பதற்காக அமெரிக்க உளவு ஸ்தாபனத்தாரும் நம்மவரும் சேர்ந்து நந்தாதேவி மலைக்குக் கொண்டுசென்ற புளூட்டோனியக் கருவி, பனியில் காணாமற் போயிற்று. கங்கையின் கிளையாறுகள் பிறக்கும் இடம் அது. கீழே தேவதாருவும் பைனும் நிறைந்த பள்ளத்தாக்குகள். 1978ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் பார்லிமெண்டில் வாய் திறக்கும் வரையில், அப்பள்ளத்தாக்கின் குடிகளுக்கு அது தெரியாது. பின்னர் நடந்த பரிசோதனைகளில் தீங்கு ஒன்றும் காணப்படவில்லை என்பது ஆறுதலே. அறியும் உரிமை 13 வருஷங்கள் மறுக்கப்பட்டது என்பது ஆறுதலன்று. 2003 ஜனவரியில் கல்பாக்கத்திலேயே, கழிவிலிருந்து எரிபொருளைப் பிரிக்கும் ஆலையில் ஆறு தொழிலாளர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அச்செய்தி பொதுஜனங்களை எட்டச் சில மாதங்கள் சென்றன. அணுசக்தி பற்றிய விவரங்களை வெளியிடாமல் தடுக்க, 1962ம் வருஷத்துச் சட்டத்தின் 18வது பிரிவு சர்க்காருக்கு அதிகாரம் அளித்திருந்தது.

அணு நிலையத்தில் விபத்து நேர்ந்தால் எடுக்க வேண்டிய நடவடிக்கைகளுக்காக நம் நாட்டில் வகுத்துள்ள வட்டம் 16 கிலோ மீட்டர். திருப்புலிவனம் அதற்கு வெளியே உள்ளது. செர்னோபிலிலோ 30 கிலோ மீட்டர் வட்டத்தைக் காலி செய்தார்கள்; அப்பொழுதும் மேகம் வட்டத்தை மதிக்கவில்லை. விபத்து நடந்த இரண்டாம் நாள், ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் ஸ்வீடன் தேசத்து அணு நிலையம் ஒன்றிலே அதன் தூசியைக் கண்டுபிடித்த பிறகே உலகம் விழித்தது. ஆதலால் வட்டத்துக்கு வெளியே இருப்பவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நியாயம் செல்லாது.

கிராம சபைகள் செய்ய வேண்டுவது

நமது யோசனை எளியது. கல்பாக்கத்திலுள்ள சுற்றுப்புற ஆய்வுக்கூடத்தார் நீர், மண், பால், மீன் முதலியவற்றைப் பரிசோதித்து வருகின்றனர். அம்முடிவுகள் ஊர்வாரியாக, குடியானவனுக்கு விளங்கும் தமிழில், கிராம சபைகளில் வாசிக்கப்பட வேண்டும். நிபுணர் நிபுணருக்கு எழுதும் அறிக்கை, குடிகளுக்குக் காட்டிய கணக்கு ஆகாது.

அதோடு, ஒவ்வோர் ஊரும் தன் மரங்களுக்கு ஒரு பதிவேடு தொடங்கலாம். கடற்கரையில் மண்டியிருக்கும் சவுக்கைச் சிலர் ஊசியிலை மரமென்று எண்ணுகிறார்கள். அது பூக்கும் இனம், ஊசிபோல் தெரிவது அதன் சிறு தண்டே. ஆனால் பள்ளிக்கூடத் தோட்டங்களிலும் அலுவலக முற்றங்களிலும் அழகுக்காக வைக்கும் அரக்கேரியா மெய்யான ஊசியிலை வகுப்பைச் சேர்ந்தது. ஒரே தலைமைக் குருத்தோடு அடுக்கடுக்காகக் கிளை விடுவது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மூன்று கன்றுகள் நட்டு, வருஷந்தோறும் உயரத்தையும் அடுக்கையும் குருத்தின் நிலையையும் பிள்ளைகள் குறித்து வரட்டும். கோயில் நந்தவன மரங்களையும் சாலைப் புளிகளையும் அப்படியே குறிக்கட்டும். பக்கத்திலே அன்றைய கதிர்வீச்சு அளவும் எழுதப்படட்டும். பெரிய செலவில்லை, வேண்டுவது விடாமுயற்சி. ஒன்றும் நேராவிட்டால், பிள்ளைகள் தாவர சாஸ்திரம் கற்றது லாபம். ஏதேனும் நேர்ந்தால், சாட்சி நம் கையில் இருக்கும்.

இது புதிய வழக்கமும் அன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ம் வருஷங்களில், உத்திரமேரூர்ச் சபையார் தங்கள் ஆட்சி முறையைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை எடுத்து, ஏரிக்கு ஒரு வாரியமும் தோட்டத்துக்கு ஒரு வாரியமும் அமைத்தார்கள். நீரும் மரமும் ஊர்ப் பொது; அவற்றைக் காப்பது ஊராரின் பொறுப்பு என்பது அவர்கள் கொள்கை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயரும், அவனுடைய உறவினர் பெயரும் குடத்தில் விழலாகாது என்பது அவர்கள் வகுத்த விதிகளுள் ஒன்று. வெளிநாட்டாரிடம் ஜனநாயகத்தைக் கற்க வேண்டியவர் நாம் அல்லேம் என்று மேடைகளில் முழங்குகிறோம். அக்கல்வெட்டின் சாரமோ ஒரே வார்த்தை: கணக்கு.

பைன் மரம் தன் கணக்கை வருஷந்தோறும் வளையமாகவும் அடுக்காகவும் எழுதி வைக்கிறது. அதை எந்தச் சர்க்காரும் தடுக்க முடியாது. மரத்தின் நாணயம் நம் ஸ்தாபனங்களுக்கும் வர வேண்டுமானால், கேட்பதற்குத் துணிந்த குடிகள் வேண்டும். ஆகஸ்டு 15ந் தேதியும் அக்டோபர் 2ந் தேதியும் கிராம சபைகள் கூடுகின்றன. ஒன்று சுதந்திரத்தின் நாள். மற்றொன்று சத்தியத்தின் நாள். அந்நாட்களில் திருப்புலிவனத்திலும், உத்திரமேரூரைச் சூழ்ந்த மற்ற ஊர்களிலும், நமது நீருக்கும் மண்ணுக்கும் மரத்துக்கும் உரிய கணக்கை வாசிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறட்டும். தேசத் தொண்டர்கள் அதற்கு முன்னின்று உழைக்கட்டும்.